பெயரிழந்த லாசரு: எத்தியோப்பியப் பஞ்சமும் அதைக் காட்டிய படங்களும்

ஆப்பிரிக்கா என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் எழும் காட்சி யாது? நம்மில் பெரும்பாலோர் அக்கண்டத்தில் கால்வைத்தவர்கள் அல்லர். ஆயினும் வெடித்த நிலமும், எலும்பு துருத்திய மார்பும், ஈ மொய்க்கும் கண்களோடு தாயின் மடியில் கிடக்கும் குழந்தையும் எவரும் சொல்லாமலே நம் நினைவில் தோன்றுகின்றன. 54 நாடுகளை உடைய பெருநிலப்பரப்பு ஒன்று ஒரேயொரு குழந்தையின் முகமாகச் சுருங்கிவிட்டது. இது தானாக நிகழ்ந்ததன்று. இக்காட்சி நம்மிடம் வந்துசேர்ந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் ஒரு நாளும் ஓர் ஊரும் தெளிவாகக் குறிக்கத்தக்கவை. அந்நாள் 1984ஆம் ஆண்டு அக்டோபர் 23. அவ்வூர் எத்தியோப்பியாவின் வடபகுதியில், அந்நாளில் வொல்லோ மாநிலத்தைச் சேர்ந்திருந்த கோரெம்.

அன்று பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தின் தொலைக்காட்சிச் செய்தியில் மைக்கேல் பர்க் என்னும் செய்தியாளர் அளித்த சில நிமிடச் செய்திப்படம் உலகெங்கும் பல நாடுகளின் தொலைக்காட்சிகளில் மறு ஒளிபரப்பாயிற்று. விடியற்காலைக் குளிரில் வெட்டவெளியில் குந்தியிருக்கும் பல்லாயிரம் மக்கள், துணியில் சுற்றப்பட்டுக் கிடத்தப்பட்டிருக்கும் பிணங்கள், உணவுக்கெனக் காத்திருக்கும் வரிசைகள்: இவற்றைக் கண்டோர் கண்ணீர் விட்டனர். அடுத்த சில வாரங்களுக்குள் பாப் கெல்டாஃப், மிட்ஜ் யூர் என்னும் இரு இசைக் கலைஞர்கள் ஒரு பாடல் இயற்றினர். லண்டனில் நவம்பர் 25ஆம் நாள் புகழ்பெற்ற பாடகர் பலர் கூடி அதைப் பாடிப் பதிவு செய்தனர். ‘இது கிறிஸ்மஸ் என்று அவர்களுக்குத் தெரியுமா’ என்னும் பொருள்பட்ட கேள்வியே அப்பாடலின் தலைப்பு. 1985 ஜூலை 13ஆம் நாள் லண்டனிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் ஒரே நேரத்தில் ‘லைவ் எய்ட்’ இசை விழா நடைபெற்றது. கோடிக்கணக்கான பணம் திரண்டது, தானியம் சென்றது, உயிர்கள் பிழைத்தன.

பிழைத்தன என்பதை நாம் முதலிலேயே அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். பசித்தவனுக்குக் கிடைத்த உணவு எந்தப் படத்தால் கிடைத்தது என்று கேட்டு அதைக் குறைகூறுவது இலக்கியத் திறனாய்வாக இருக்கலாம், கிறிஸ்தவச் செயலாகாது. ஆயினும், உதவியைத் தூண்டிய அதே படமும் பாடலும் ஒரு மக்களினத்தைப் பற்றி உலகத்திற்கு என்ன கற்பித்தன என்று ஆராய்வது நம் கடமை. பிரிட்டனின் தன்னார்வப் பணி நிறுவனமான வி.எஸ்.ஓ. 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அந்நாட்டு மக்களுள் நூற்றுக்கு 80 பேர் வளரும் நாடுகள் என்றவுடன் பஞ்சம், பேரழிவு, மேலைநாட்டு உதவி என்பவற்றையே நினைப்பதாகத் தெரியவந்தது. லைவ் எய்ட் நடந்து பதினாறு, பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னரும் இந்நிலை! பாடல் ஓய்ந்தது, பாடம் ஓயவில்லை.

முதலில் அச்செய்திப்படத்தை எடுத்துக்கொள்வோம். அதைப் படம்பிடித்தவர் ஐரோப்பியர் அல்லர். நைரோபியில் பிறந்த, தெற்காசிய வழிவந்த கென்யரான முகமது அமீன் என்பவரே. ஆகவே ‘மேலைநாட்டான் கண்ணால் கண்டது’ என்று எளிதாகக் கூறி முடித்துவிட முடியாது. படம் எவர் கையால் எடுக்கப்பட்டது என்பதைவிட எவருக்காகத் தொகுக்கப்பட்டது, எவர் அதில் பேசுகிறார் என்பவையே முக்கியம். அப்படத்தில் நாம் கேட்கும் குரல்கள் செய்தியாளருடையதும், அங்குப் பணிபுரிந்த ஓர் ஐரோப்பிய மருத்துவருடையதுமே. பல்லாயிரம் எத்தியோப்பியர் காட்சியளிக்கின்றனர். அவர்களுள் ஒருவரும் தம் ஊரின் பெயரைச் சொல்லவில்லை. ஏன் வீட்டைவிட்டு வந்தார் என்று சொல்லவில்லை. எவரும் அவர்களைக் கேட்கவுமில்லை.

பர்க் தம் வருணனையில் இப்பஞ்சத்தைத் ‘திருமறைக் காலத்துப் பஞ்சம்’ என்னும் பொருள்பட்ட அடைமொழியால் குறித்தார். இச்சொல்லாட்சி இன்றளவும் எடுத்தாளப்படுகிறது. திருமறையைக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட நாம் இதில் சற்றுத் தங்கவேண்டும். அச்சொல்லால் அவர் உணர்த்த விரும்பியது யாது? தொன்மையானது, அளவிறந்தது, மனிதர் கையில் இல்லாதது, வானம் பொய்த்ததால் வந்தது என்பவையே. ஆனால் திருமறையில் பஞ்சங்கள் அவ்வாறா சித்திரிக்கப்படுகின்றன?

ஆதியாகமம் 47ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். அங்கே பஞ்சம் ஓர் ஆட்சியின் வரலாறாகவே வருகிறது. களஞ்சியம் எவர் கையில் உள்ளது, மக்கள் முதலில் பணத்தையும் பின் கால்நடையையும் இறுதியில் நிலத்தையும் தங்கள் உடலையும் விற்று எவ்வாறு பார்வோனுக்கு அடிமைகளாயினர் என்பதை ஆசிரியர் படிப்படியாகக் கூறுகிறார். யோசேப்பைப் புகழ்ந்து பிரசங்கிக்கும்போது நாம் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி இது. இரண்டாம் இராஜாக்கள் 6ஆம் அதிகாரத்திலோ மழையைப் பற்றிய பேச்சே இல்லை. சீரியரின் படை சமாரியாவை முற்றுகையிட்டதால் வந்த பஞ்சம் அது. கழுதைத் தலை ஒன்று எண்பது வெள்ளிக்காசுக்கு விற்றது என்று விலையைக்கூட வரலாற்றாசிரியர் குறித்துவைக்கிறார். மதில்மேல் நடந்துபோகும் அரசனை நோக்கி ஒரு தாய் கூக்குரலிட்டு முறையிடுகிறாள். அவள் சொல்லும் செய்தி செவியால் கேட்கவொண்ணாதது. ஆயினும் அவள் பேசுகிறாள். அரசன் நின்று கேட்கவேண்டியிருக்கிறது. திருமறைப் பஞ்சத்தில் காரணம் உண்டு, விலை உண்டு, பொறுப்பாளி உண்டு, பசித்தவளின் குரல் உண்டு. இப்பொருளில் கொள்ளின் கோரெமில் நிகழ்ந்தது உண்மையாகவே திருமறைக் காலத்துப் பஞ்சந்தான். படமோ அப்பொருளில் அதைக் காட்டவில்லை.

ஏனெனில் எத்தியோப்பியாவின் வடபகுதியில் அப்போது போர் நடந்துகொண்டிருந்தது. 1974இல் பேரரசர் ஹைலே செலாசியைக் கவிழ்த்து ஆட்சியைப் பிடித்த ‘தெர்க்’ என்னும் இராணுவக் குழு, மெங்கிஸ்து ஹைலே மாரியாமின் தலைமையில் திக்ரே, எரித்திரியப் பகுதிகளின் கிளர்ச்சிப் படைகளோடு பொருதுகொண்டிருந்தது. மழை பொய்த்தது உண்மை. ஆனால் பஞ்சம் மிகக் கடுமையாகத் தாக்கிய பகுதிகளும் போர்ப் பகுதிகளும் பெரும்பாலும் ஒன்றாயிருந்தன. சந்தைகள் வானூர்திகளால் தாக்கப்பட்டன. உழவர் ஒரு பகுதியிலிருந்து மற்றொன்றுக்குத் தானியம் கொண்டுசெல்லவும் கூலிவேலை தேடிச் செல்லவும் தடைகள் இருந்தன. கிளர்ச்சியாளர் வசமிருந்த ஊர்களுக்கு உணவு செல்லாதவாறு மறிக்கப்பட்டது. அலெக்ஸ் டி வால் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட விரிவான ஆய்வு இவற்றை மாதவாரியாக எடுத்துக்காட்டியுள்ளது. மாண்டோர் தொகை நான்கு இலட்சம் முதல் பத்து இலட்சம் வரை பலவாறு மதிப்பிடப்படுகிறது. மக்கள் பசியால் வாடிக்கொண்டிருந்த 1984 செப்டம்பரில் தலைநகர் அடிஸ் அபாபாவில் புரட்சியின் பத்தாம் ஆண்டு விழா பெருஞ்செலவில் கொண்டாடப்பட்டது. விழா முடியும்வரை பஞ்சச் செய்தி வெளியேறாதபடி அரசு பார்த்துக்கொண்டது. பின்னர் வந்த உதவியைக்கூட, வடக்கிலிருந்து சுமார் ஆறு இலட்சம் மக்களைத் தென்மேற்குப் பகுதிகளுக்குப் பெயர்த்துக் குடியேற்றும் திட்டத்திற்கு ஆட்சியாளர் துணையாக்கிக்கொண்டனர். பலர் வலுக்கட்டாயமாகக் கொண்டுசெல்லப்பட்டனர். வழியிலும் புதிய இடங்களிலும் பல்லாயிரவர் மாண்டனர். இதை வெளிப்படையாகக் கண்டித்த பிரெஞ்சு மருத்துவக் குழு 1985 டிசம்பரில் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது.

இவற்றுள் எதுவும் பாடலில் இல்லை என்று குறைசொல்ல மாட்டோம். மூன்றரை நிமிடப் பாட்டு அரசியல் வரலாறாக இருக்க முடியாது. ஆயின், காரணத்தைச் சொல்லாதிருப்பது வேறு. பொய்க் காரணத்தைச் சொல்வது வேறு. அப்பாடல் அந்நிலத்தில் மழையும் இல்லை, ஆறும் இல்லை, விளைச்சலும் இல்லை என்ற கருத்தைப் பாடுகிறது. எத்தியோப்பியாவில் ஆறில்லையா! நீல நைல் தானா ஏரியிலிருந்து புறப்படுகிறது. எகிப்தை வாழவைக்கும் நைல் வெள்ளத்தின் மிகப் பெரும்பகுதி எத்தியோப்பிய மலைகளில் பெய்யும் மழையே. காப்பிப் பயிர் உலகிற்கு அந்நாடு அளித்த கொடை. எத்தியோப்பிய உழவர் பல நூற்றாண்டுகளாக எருது பூட்டி உழுது ‘தெஃப்’ என்னும் தங்கள் தானியத்தை விளைவித்து வந்துள்ளனர். பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட தம் நூலில், 1973ஆம் ஆண்டு வொல்லோவில் ஏற்பட்ட முந்திய பஞ்சத்தை ஆராய்ந்து, நாட்டின் மொத்த உணவு உற்பத்தி பெரிதும் குறையாதபோதே அம்மாநில மக்கள் உணவை வாங்கும் உரிமையும் ஆற்றலும் இழந்ததால் மாண்டனர் என்று காட்டியிருந்தார். அந்நூல் வெளிவந்து மூன்றாண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட பாடல் அது.

இனி அப்பாடலின் தலைப்புக் கேள்விக்கு வருவோம். கிறிஸ்மஸ் என்று அவர்களுக்குத் தெரியுமா? எத்தியோப்பியாவைப் பற்றிக் கேட்கத்தகாத கேள்வி ஒன்று உண்டெனில் அது இதுவே. அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்து மந்திரியை நாம் இங்கே சான்றாக இழுக்கவில்லை. கந்தாகேயின் நாடு இன்றைய சூடானிலுள்ள மெரோவே என்பதே ஆய்வாளர் பலர் கருத்து. அச்சான்று இல்லாமலே வழக்கு நிற்கும். நான்காம் நூற்றாண்டில் அக்சும் நாட்டு அரசன் ஏசானா கிறிஸ்தவனானான்; சிலுவை பொறித்த நாணயங்களை அச்சிட்டான். தீரு நகரத்தைச் சேர்ந்த ஃபுருமெந்தியுவை அந்நாட்டின் முதல் பேராயராக அபிஷேகம் செய்தவர் அலெக்சாந்திரியாவின் அத்தனாசியு. நிசேயா விசுவாச அறிக்கையை நாம் ஓதும்போது நினைக்கும் அதே அத்தனாசியு! இங்கிலாந்தின் ஆங்கிலேய அரசர் எவரும் திருமுழுக்குப் பெறுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தியே எத்தியோப்பிய அரசவை கிறிஸ்துவை அறிக்கையிட்டது. கற்பாறையைக் குடைந்து அமைத்த பதினொரு கோவில்களை உடைய லாலிபெலா, கோரெம் இருந்த அதே வொல்லோ மாநிலத்தில்தான் இருந்தது.

அத்திருச்சபை கிறிஸ்து பிறப்பைத் தன் நாட்காட்டியின்படி ‘தாசாஸ்’ மாதம் 29ஆம் நாள், அதாவது நம் கணக்கில் ஜனவரி 7ஆம் நாள், கொண்டாடுகிறது. அதற்கு முன் நவம்பர் இறுதியில் தொடங்கி நாற்பது நாட்களுக்குக் குறையாமல் ‘தீர்க்கதரிசிகளின் நோன்பு’ அனுசரிக்கப்படும். இறைச்சியும் பாலும் நெய்யும் விலக்கப்படும். ஆகவே லண்டனில் அப்பாடல் பதிவு செய்யப்பட்ட அந்நாளில் எத்தியோப்பியக் கிறிஸ்தவர்களுக்கு அந்நோன்புக் காலம் தொடங்கியிருந்தது. ஆண்டில் ஏறத்தாழப் பாதி நாட்கள் கடவுளுக்கென்று உண்ணாதிருக்கக் கற்ற மக்களை நோக்கி, பண்டிகை என்று தெரியுமா என்று கேட்டது அப்பாட்டு. கேட்டவர்களுக்குத் தீய எண்ணம் இல்லை. அறியாமை மட்டுமே இருந்தது. அவ்வறியாமை அவர்களைத் தடுக்கவில்லை, மாறாக உதவிற்று. பசியோடிருப்பவன் நம்மைவிடப் பழைய விசுவாசி, நம்மைவிட நன்றாக ஜெபிக்கத் தெரிந்தவன் என்று அறிந்தால் நம் இரக்கத்தின் நிறம் சற்றே மாறிவிடுமன்றோ?

கேரளத்தின் சிரியன் சபையாருக்கு இவ்வறியாமை இருந்ததில்லை என்பதைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. 1965 ஜனவரியில் கீழைத் தொல்சபைகளின் தலைவர்கள் அடிஸ் அபாபாவில் கூடியபோது மலங்கரைச் சபையும் அவையில் அமர்ந்தது. பவுலோஸ் மார் கிரிகோரியோஸ் தம் இளமையில் எத்தியோப்பியாவில் ஆசிரியராகப் பணிபுரிந்தவர். இந்தியாவிலிருந்து சென்ற ஆசிரியர் பலர் அந்நாட்டுப் பள்ளிகளில் கற்பித்துள்ளனர். அந்நாட்டை அறிய நமக்கு லண்டன் தொலைக்காட்சி தேவைப்பட்டிருக்கவில்லை. நம் அண்டை வீட்டாரைக் கேட்டிருந்தால் போதும்.

படங்களால் பஞ்சத்தைக் காட்டும் இவ்வழக்கம் 1984இல் பிறந்ததன்று. அதன் தொடக்கப் பக்கங்களுள் ஒன்று நம் மண்ணிலேயே எழுதப்பட்டது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின்போது, படை அதிகாரியான ஹூப்பர் என்னும் ஆங்கிலேயர் பட்டினியால் எலும்புருவானவர்களைக் குழுக்களாக உட்காரவைத்துப் புகைப்படம் எடுத்தார். அப்படங்கள் இன்றும் நூல்களில் அச்சிடப்படுகின்றன. படத்தில் இருப்போர் எந்த ஊரார், என்ன பெயரினர் என்பது எங்கும் இல்லை. அவர்கள் ‘சென்னைப் பஞ்சத்தார்’, அவ்வளவே. அப்பஞ்சத்தில் இந்தியாவிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக் கொண்டிருந்ததும், நிவாரண வேலை செய்தோருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசுமே போதும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்ததும் படங்களில் தெரியமாட்டா. மாயூரத்தில் முன்சீப்பாயிருந்த வேதநாயகம் பிள்ளை தம் பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்ததும், அதைக் கண்டு கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் போற்றிப் பாடியதும் தெரியமாட்டா. பஞ்சம் கண்ட நாட்டில் கொடுப்பவனும் இருந்தான் என்பதைப் படம் மறைத்துவிடுகிறது. அதே காலத்துப் பஞ்சக் கும்மிகளிலோ மக்கள் தம் துன்பத்தைத் தம் வாயாலேயே பாடினர். நம் முன்னோர் படமாக்கப்பட்டவர்கள் மட்டும் அல்லர், பாடியவர்களும்கூட.

ஒரு மாறுபட்ட எடுத்துக்காட்டையும் இங்கே வைக்கவேண்டும். முதல் உலகப் போர் ஓய்ந்தபின் பிரிட்டனும் நேச நாடுகளும் எதிரி நாடுகளின்மேல் விதித்திருந்த கடல் முற்றுகை தொடர்ந்தது. 1919இல் எக்லாண்டைன் ஜெப் என்னும் அம்மையார் பட்டினியால் மெலிந்த ஆஸ்திரியக் குழந்தையின் படத்தை அச்சிட்டு லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் வழங்கினார். அத்துண்டறிக்கை, இந்நிலைக்கு நம் நாட்டின் முற்றுகையே காரணம் என்று வெளிப்படையாகக் கூறியது. அவர் கைதாகி ஐந்து பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டார். குழந்தைகளைக் காக்கும் பெருநிறுவனம் ஒன்று அவ்வாண்டிலேயே அவரால் தோன்றிற்று. அதே மெலிந்த குழந்தை, அதே இரக்கம். ஆனால் படத்தின்கீழ் ஒரு காரணம் இருந்தது. அக்காரணம் படத்தைக் காண்போரையே சுட்டியது. படத்தை வழங்கியவர் தண்டனை பெற்றார். 1984இன் படங்களுக்காக எவரும் தண்டனை பெறவில்லை. அவற்றைக் கண்டோர் எவரும் தாம் குற்றவாளிகள் என்று உணரவும் இல்லை. அவர்கள் கொடையாளிகள் என்றே உணர்ந்தனர். இத்தனைக்கும் எத்தியோப்பிய அரசின் நிவாரண ஆணையமே 1984 மார்ச்சில் ஐம்பது இலட்சம் மக்களுக்கு மேல் ஆபத்தில் உள்ளனர் என்று உதவி நாடுகளை எச்சரித்திருந்தது. ஆட்சி சோவியத் சார்புடையது என்பதால் மேலைநாடுகள் தயங்கின. எத்தியோப்பியர் சொன்னபோது கேட்காத செவி, லண்டன் தொலைக்காட்சி சொன்னபோது கேட்டது.

ஐரோப்பிய உதவி நிறுவனங்களே பின்னர் மனம் வருந்தி, 1989ஆம் ஆண்டில் வளரும் நாடுகளைப் பற்றிய படங்களும் செய்திகளும் எவ்வாறு அமையவேண்டும் என்று ஒரு நெறிமுறையை ஏற்றுக்கொண்டன. நல்ல செயல். ஆயினும் அப்பாடல் 1989, 2004, 2014 ஆகிய ஆண்டுகளில் புதிய குரல்களில் மீண்டும் மீண்டும் ஒலித்தது. 2014இல் கானா வழிவந்த பாடகர் ஃபியூஸ் ஓ.டி.ஜி. அதில் பாட மறுத்தார். 2024இல் நாற்பதாம் ஆண்டுக்கெனப் பழைய குரல்களைக் கலந்து வெளியிட்டபோது, முன்னர் பாடியிருந்த எட் ஷீரன் தம்மிடம் கேட்டிருந்தால் இசைந்திருக்க மாட்டேன் என்று கூறினார். உயிர்களைக் காத்த பாட்டு என்று கெல்டாஃப் விடையளித்தார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. எத்தியோப்பியாவில் உள்ளோரின் கூற்று இவ்வாதத்திலும் கடைசியாகத்தான் கேட்கப்பட்டது.

லூக்கா 16ஆம் அதிகாரத்து உவமையில் ஆண்டவர் செய்த ஒரு காரியத்தை விளக்கவுரையாளர் பலர் சுட்டியுள்ளனர். இயேசு கூறிய உவமைகளில் பெயர் பெற்ற மாந்தன் லாசரு ஒருவனே. வாசற்படியில் பருக்களோடு கிடந்தவனுக்குப் பெயர் உண்டு. இரத்தாம்பரமும் விலையுயர்ந்த வஸ்திரமும் தரித்தவனுக்குப் பெயர் இல்லை. நம் காலத்துப் படங்கள் இவ்வுவமையைத் தலைகீழாக்கிவிட்டன. பாடியவர் பெயர் அனைத்தும் இசைத்தட்டின் உறையில் உண்டு. கோரெம் வெளியில் கிடந்தவர் ஒருவர் பெயரும் இல்லை. கவனியுங்கள்: வேதனையில் கிடந்தபோதும் ஐசுவரியவான் லாசருவை நேரே விளித்துப் பேசவில்லை; அவனை அனுப்பும்படி ஆபிரகாமிடமே கேட்கிறான். பெயர் தெரிந்தும் பேச மனமில்லை. இரக்கத்திலும் இத்தகைய தூரம் இருக்கக்கூடும்.

பவுலடியார் எருசலேம் பரிசுத்தவான்களுக்காக நடத்திய தர்மப்பணச் சேர்ப்பு இதற்கு எதிரான மாதிரி. ரோமர் 15இல் அவர் அதைக் கடன் என்கிறார். புறஜாதியார் அவர்களுடைய ஞானநன்மைகளில் பங்குபெற்றவர்களாதலால் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். 2 கொரிந்தியர் 8இல் கொடியதரித்திரமுள்ள மக்கெதோனியரே உதாரமாகக் கொடுத்தவர்களாகக் காட்டப்படுகின்றனர். சமநிலையே நோக்கமாகக் கூறப்படுகிறது. எருசலேமின் பட்டினியை வருணித்து ஒரு வரிகூட அவர் எழுதவில்லை என்பது வியப்பன்றோ? கிலவுதியு காலத்துப் பஞ்சத்தில் அந்தியோகியா சபை அனுப்பிய உதவியும் யூதேயாவின் மூப்பரிடத்தில் ஒப்படைக்கப்பட்டது (அப்போஸ்தலர் 11). பெறுகின்ற சபைக்கு மூப்பர் உண்டு, நிர்வாகம் உண்டு, அதுவே பங்கிடும் என்பது அங்கே கேள்விக்கிடமின்றி ஏற்கப்பட்டது.

இனி நம்மைப் பற்றி. நாம் ஆப்பிரிக்கரோடு பார்க்கப்படும் பக்கத்தில் மட்டும் நிற்கவில்லை. பார்க்கும் பக்கத்திலும் நிற்கிறோம். நம் மிஷனரிப் பத்திரிகைகளில் வடநாட்டு மலைவாழ் மக்களின் படங்கள் வெளியாகும் முறையைச் சற்று நினைத்துப் பாருங்கள். அழுக்குத் துணி, மூக்குச்சளி, பறட்டைத் தலை; கீழே ‘இருளில் வாடும் ஆத்துமாக்கள்’. அந்த இனத்திற்கு மொழி உண்டா, பாட்டு உண்டா, காடு பறிபோன வரலாறு உண்டா என்பது எழுதப்படுவதில்லை. மிஷனரி ஞாயிற்றில் நாமும் அத்தகைய படத்தைப் பிடித்துக்கொண்டு பிரசங்கித்தது உண்டு. காணிக்கை நன்றாகவே விழுந்தது. அன்று சபையார் அவ்வினத்தாரைப் பற்றி என்ன கற்றுக்கொண்டு வீடு சென்றனர் என்று இப்போது நினைக்க நாணுகிறோம்.

மறுபக்கமும் நமக்குத் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன் நாம் சில காலம் தொடர்பு கொண்டிருந்த மாணவர் விடுதி ஒன்றில், கடல்கடந்த ஆதரவாளர்களுக்கு அனுப்பப் பிள்ளைகளைப் படமெடுக்கும் நாள் வரும். கிறிஸ்மஸுக்குக் கொடுத்த புதுச்சட்டையை அன்று போடவேண்டாம் என்று சொல்வார்கள். காரணம் எவரும் கூறியதில்லை. பிள்ளைகளுக்குக் காரணம் தெரிந்தே இருந்தது. ஒரு சிறுவன் அன்று காலை புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டே வந்து வரிசையில் நின்றான். கழற்றச் சொன்னோம். சொன்னவர்களுள் நாமும் இருந்தோம். அவன் மறுபேச்சின்றிக் கழற்றினான். படம் நன்றாக வந்தது.

எத்தியோப்பியாவின் மெகானே யேசுஸ் சபை இவையனைத்திற்கும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1972 மே மாதத்தில், உலக லுத்தரன் ஐக்கியத்தின் வழியாகத் தன்னை ஆதரித்த மேலைச் சபைகளுக்கு ஒரு கடிதம் எழுதியது. கிணறு வெட்டவும் மருத்துவமனை கட்டவும் பணம் தருகிறீர்கள். நற்செய்தி அறிவிப்புக்கும் தலைவர்களை உருவாக்குவதற்கும் தரத் தயங்குகிறீர்கள். எங்கள் மக்களின் தேவை எது என்பதை உங்கள் அளவுகோல் தீர்மானிக்கிறது. மனிதனை உடல் வேறு ஆன்மா வேறு என்று பிரிப்பது உங்கள் பழக்கம், எங்களுடையதன்று என்னும் கருத்துகளை அது பணிவோடும் உறுதியோடும் எடுத்துரைத்தது. பெற்றுக்கொள்ளும் சபை கொடுக்கும் சபைக்கு இறையியல் கற்பித்தது! 1974இல் நைரோபியில் அதைப்பற்றிக் கலந்தாய்வு நடந்தது. அக்கடிதத்தை உருவாக்கியதில் முதன்மையானவர் அச்சபையின் பொதுச்செயலர் குதினா தும்சா. நாட்டைவிட்டு வெளியேற வாய்ப்பிருந்தும் தம் மந்தையை விட்டுப்போக மறுத்த அவரை 1979 ஜூலை 28ஆம் நாள் ஆட்சியாளரின் ஆட்கள் கடத்திச் சென்று கொன்றனர். ஆட்சி வீழ்ந்த பின்னரே அவர் உடல் கண்டெடுக்கப்பட்டது. கோரெம் வெளியில் படக்கருவி வந்தபோது எத்தியோப்பியாவைப் பற்றிப் பேசத் தகுதியுடைய ஒருவர் அங்கு இல்லாமற்போனதற்குப் பஞ்சத்தை விளைவித்த அதே ஆட்சியே காரணம்.

அக்கடிதம் நீளமானதன்று. திருப்பணியியல் வகுப்பில் ஒரு பருவம் வைத்துப் படிக்கத்தக்கது. நம் மாணவர்களுள் எவரேனும் அதைத் தமிழாக்க முன்வந்தால் சபை ஊழியர்களுக்குப் பெரிதும் பயன்படும். மிஷனரி ஞாயிற்றுக்கு முன் அது கைக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது.